வராத இருட்டுக்குப் பயிற்சி

அந்த அறைக்குள் போனதும் அவருக்கு முதலில் கிடைத்தது ஒரு முழங்கால்தான். சாம்பல் நிறத் துணி மூடிய முழங்கால். தலையைக் கொஞ்சம் திருப்பினார், மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார், ஜன்னலோரத் தொட்டிச்செடியில் பாதி வந்தது. மிச்சப் பாதியைத் தேடிப் பிடிப்பதற்குள் முழங்காலுக்குச் சொந்தக்காரி பேச ஆரம்பித்துவிட்டாள்.

உலகம் அவருக்கு இப்படித் தவணை முறையில் வர ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்து, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் போனது, அக்காவுக்கும் அப்படித்தான். அவருக்குப் பிசியோதெரபி நிலையத்தில் வேலை. ஒருத்தருடைய முதுகு எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கண் அவ்வளவாக வேண்டியதில்லை என்பதால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“எதுக்கு வந்திருக்கீங்கன்னு நீங்க சொல்லுங்க சார்.”

“இவ கூப்பிட்டா. வந்தேன்.”

“அவங்க எதுக்குக் கூப்பிட்டாங்க?”

“அதை அவகிட்டதான் கேக்கணும்.”

பக்கத்து நாற்காலியில் மனைவி பெருமூச்சு விட்டது கேட்டது. “பாத்தீங்களா? வீட்டுலயும் இப்படித்தான். ஒண்ணு எதிர்க்கேள்வி, இல்லேன்னா கொட்டாவி.”

அன்றைக்கே அந்தக் கவுன்சலிங் பெண்மணிக்கு அவர் மனசுக்குள் கேள்விக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்.

சொல்ல வேண்டியதை மனைவிதான் சொன்னாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் காலை ஒன்று இரவு ஒன்று என்கிற மாதிரி சுருக்கமாகச் சொல்லித்தான் பழக்கம். அன்றைக்கு அவளுக்கும் சுற்றி வளைத்துத்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே இவர் கண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியும். பிள்ளைக்கும் வரலாம், ரெண்டில் ஒன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். காசைச் சுண்டிப் போட்டுப் பிள்ளை பெத்துக்க என்னால முடியாது என்று இவர் ஒரே பிடியாக நின்றார். அப்புறம்தான் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள்.

“என்ன ஏற்பாடு?”

மனைவி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், குரல் அந்தப் பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. “அதாங்க. வேற ஒருத்தரோட...”

“நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா இதை ஏற்பாடுன்னுதான் சொல்லிட்டு இருக்கீங்களா?”

“சொன்னாத்தானே,” என்றார் அவர். அந்த அறையில் அவர் பேசிய முதல் உண்மையான வார்த்தை அதுதான்.

குழந்தை பிறந்ததும், கொஞ்சம் விவரம் தெரிந்த பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் அப்பாவை உரித்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்கக் கேட்க அவருக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். நடந்தால் அவர் நடை, தும்மினால் அவர் தும்மல். ஒரு நடையையும் தும்மலையும் பழகினாலே பிடித்துக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்லிவிட்டால் அவள் அப்பா என்று கூப்பிடுவது நின்றுவிடும் என்ற பயம் ஒன்று அடிவயிற்றில் குடியேறிவிட்டது. குடிவந்தது காலி பண்ணவே இல்லை.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி போயிருக்கும். வாலு பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார். துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: “அப்பா, இது குடும்பத்துல வர்ற வியாதியாமே. எனக்கும் வருமா?”

வராது என்று ஒரு வார்த்தை போதும். அது சத்தியமும்கூட. ஆனால் வராது என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பாள், வாலு அப்படித்தான். மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் சொன்னார்: “வரலாம். வராமலும் போகலாம்.”

அந்த ராத்திரியெல்லாம் பிள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படுத்தாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் அவர் ஒரு காரியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துண்டால் அவள் கண்ணைக் கட்டி, தானும் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே குவளையில் தண்ணீர் நிரப்பக் கற்றுக்கொடுத்தார். பழைய சட்டைப் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்து வகை வகையாகப் பிரிக்கச் சொன்னார். அதற்கு இருட்டுப் பாடம் என்று இருவரும் பெயர் வைத்தார்கள். பயம் போக வேண்டுமே என்று ஆரம்பித்தது, அவர்கள் இருவருக்கும் மட்டுமான சொத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில் கேட்கிற சிரிப்பில் தனக்குப் பங்கில்லை என்று மனைவி முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு அந்த நேரத்துக்குக் கடையில் வேலை போட்டுக்கொண்டாள்.

வாலுவுக்குக் கட்டடம் வரையப் படிக்க வேண்டும் என்று ஆசை. கண் போனால் என்ன செய்வது என்று வானொலியில் ஒலிப்பதிவு வெட்டி ஒட்டும் வேலைக்குப் போனாள். வருஷா வருஷம் கண் பரிசோதனை. டாக்டர் இப்போதைக்கு ஒன்றுமில்லை என்பார், இவள் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொள்வாள். பிறகு கேமராக்காரப் பையன் ஒருத்தன் வந்தான். நல்ல பையன். அவனுக்குக் குழந்தைகள் வேண்டும். என்னால யாருக்கும் இதைக் கொடுக்க முடியாது என்று இவள் அவனை அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மனைவி மருந்துக்கடைக்கு வந்த யாரிடமோ விசாரித்துக் கேள்விக்காரம்மாவின் விலாசத்தை வாங்கி வந்தது. இந்த மாதிரிப் பிறந்த பிள்ளைகளுக்கும் பெத்தவங்களுக்கும்னே இருக்காங்களாம், வர்றீங்களா இல்ல நான் மட்டும் போகட்டுமா என்றாள். அவள் தனியாகப் போய் என்னத்தைச் சொல்லிவிட்டு வருவாளோ என்றுதான் அவரும் கிளம்பியது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கேள்விக்காரம்மா சும்மா இருந்தாள். சும்மா இருப்பதும் அவளுக்கு ஒரு கேள்விதான்.

“இப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க,” என்றார் அவர். வரும் வழியெல்லாம் பேருந்தில் இதைத்தான் மெருகேற்றிக்கொண்டு வந்தார். “கண் ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை ஒண்ணு வந்திருக்காம். என் ரத்தத்துல எது பழுதுன்னு பாத்துட்டு, அது அவகிட்ட இருக்கான்னு பாப்பாங்களாம். அவளே கேட்டா. இருக்காது. இல்லைன்னு சொல்லிடுவாங்க. பயமும் போயிடும், யாருக்கும் எதுவும் தெரியவும் வேண்டாம்.”

“மேடம் என்ன நினைக்கிறீங்க?”

மனைவி கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தோல் கிறீச்சிட்டது. “இவர் சொல்றது சுலபமா இருக்கு. இவ்வளவு நாள் சுலபமா இருந்ததைத்தான் செஞ்சோம்.”

“உன்னை யாரும் தடுக்கலையே. நீ சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உங்களை இழந்துட்டு நிப்பேன். சொல்லலேன்னா அவளை. எதை எடுக்க?”

வீட்டில் இந்தப் பேச்சு இப்படி நேருக்கு நேர் நடந்ததே இல்லை. கேள்விக்காரம்மா, பரிசோதனை உங்கள் இஷ்டம், ஆனால் சொல்ல வேண்டி வந்தால் எப்படிச் சொல்வீர்கள் என்று இங்கேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடுங்கள் என்றாள். ஒரு காலி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டாள். உங்கள் மகளுக்கு அகராதி தேவைப்படுகிற வார்த்தை எதுவும் வரக் கூடாது, ஏற்பாடு என்ற வார்த்தையும் கூடாது என்றாள்.

“நாற்காலிகிட்ட என்னம்மா சொல்றது? அதுக்கு நாலு கால் இருக்கே தவிர காது இல்லையே.”

“அதனாலதான் முதல்ல அதுகிட்ட சொல்லச் சொல்றேன். கோவிச்சுக்காது.”

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு கையை நீட்டி நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனைவி எடுத்துக் கொடுக்க, கேள்விக்காரம்மா திருத்த, கடைசியில் ஒரு வழியாக வந்தது: “நீ பொறந்தது வேற ஒருத்தரோட விந்தணுவால. என் கண்ணு உனக்கு வந்துடக் கூடாதுன்னு அம்மாவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. உன்கிட்ட சொல்லாதது எங்க தப்பு.” சொல்லி முடித்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேவைப்படாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். பரிசோதனைக்கூடத்துப் பெண் ஊசியை எடுத்ததும் வாலு அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு ஊசின்னா பயம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். சின்ன வயதில் ஊசிக்குப் பயந்தது இவள்தான். அதைச் சொல்லி அவர் கேலி செய்திருப்பார். அன்றைக்கு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டதோடு சரி.

முடிவு சொல்ல டாக்டர் கூப்பிட்ட அன்று வாலு தனியாகப் போனாள். மத்தியான வெயில் கூடத்துத் தரையில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. அந்தக் கட்டத்தின் சூட்டில் காலை வைத்துக்கொண்டு அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மனைவி ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது, செருப்பு ஒன்று விழுந்தது, கொஞ்சம் விட்டு இன்னொன்று விழுந்தது. வாலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இல்லையாம்பா,” என்றாள். “சுத்தமா இல்லையாம். எப்பவுமே வராதாம்.”

அவர் மூச்சு விட்டார். இத்தனை வருஷமாக அடக்கியிருந்த மூச்சு மாதிரி இருந்தது. நல்லதாப் போச்சுடா என்று சொல்ல வாயெடுத்தார். சோபா குலுங்குவது அப்போதுதான் தெரிந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல்.

“வெளிய வந்து அவனுக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். அவனுக்கு வேற இடத்துல முடிவாயிடுச்சாம். சரி, அது போகட்டும்.” மூக்கை உறிஞ்சினாள். “பேருந்துல வரும்போது ஒண்ணு தோணுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து இருட்டுக்குள்ள போறோம்னுதானே இருந்தோம். இப்ப உங்களைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் தப்பிச்சுட்டேன். திருடிட்டு வந்த மாதிரி இருக்குப்பா. மன்னிச்சுடுங்க.”

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவர் தாக்குப் பிடித்திருப்பார். எல்லாம் அவர் திட்டப்படிதான் நடந்திருந்தது. ஒரு தலையசைப்பு போதும், அவள் கடைசிவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். மன்னிப்பையும் கேட்டுக்கொண்டே கூப்பிடுவாள்.

நாற்காலியிடம் பழகிய வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வந்தது இதுதான்: “நீ தப்பிக்கலடா. அந்த வரிசையிலேயே நீ நிக்கல. உன்னை நிக்க விடக் கூடாதுன்னு நாங்க வேற ஒருத்தர்கிட்டேருந்து உன்னை வாங்கிட்டு வந்தோம்.”

கடையில் வாங்கி வந்த பொருளைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டோமே என்று பதறி, விந்தணு என்றார், ஆஸ்பத்திரி என்றார், ஏற்பாடு என்றும் சொல்லிவிட்டார். உள்ளே குழாய் நின்றது. மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுவது கேட்டது.

வாலு முதலில் கேட்டது: “அம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியாமல் எப்படி இருக்கும். கேட்டவளுக்கே அது உறைத்து, ஒரு மாதிரி சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

மனைவி தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு, பழகிய வார்த்தைகளைப் பழகிய வரிசையிலேயே சொன்னாள். பாதியில் வாலு காலை இழுத்துக்கொண்டாள்.

“யாரோட ரத்தமா வேணா இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க.” அம்மாவிடம் பேசவில்லை, குரல் அவரை நோக்கித்தான் வந்தது. “அவனை வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேனே, அன்னிக்கு நான் எங்க உக்காந்து அழுதேன்?”

“இங்கதான். என் பக்கத்துல.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“முதுகைத் தடவிக் கொடுத்தேன்.”

“வேற ஒண்ணும் சொல்லலையே?”

“எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன்.”

அவள் எழுந்தாள். அவர் கையை நீட்டினார், சோபாவின் ஓரம்தான் கைக்கு வந்தது. இத்தனை காலமும் அவர் ரத்தம் என்கிற வாசலிலேயே காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அவள் போனது வேறு வாசல் வழியாக.

உடன் வேலை பார்க்கும் ஒருத்தியின் வீட்டில் தங்கிக்கொண்டாள். போன் வந்தால் அம்மாவுக்கு வரும். சாப்பிட்டீர்களா என்பாள், மருந்து தீர்ந்துவிட்டதா என்பாள், வைத்துவிடுவாள். மனைவிக்கும் அவருக்கும் இடையில் பேச்சு குறைந்துபோனது. சண்டையெல்லாம் இல்லை. யார் முதலில் ஆரம்பித்தாலும் அது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் போய் முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நிலையத்தில் ஒரு கிழவரின் தோளைப் பிடித்துக்கொண்டே பாதியில் நின்றுவிட்டார். என்ன சார், நீங்களே பிடிச்சுக்கிட்டீங்களா என்று கிழவர் கேலி செய்தார்.

அம்மா போனில் சொல்லியிருந்த கேள்விக்காரம்மாவிடம் வருகிறேன் என்று வாலு ஒருநாள் தானாகவே சொன்னாள். ஒரு நிபந்தனை. அம்மா பேசக் கூடாது.

அவர்கள் போனபோது அவள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. அறையைத் துண்டு துண்டாகத் தேடினார். பெட்டி வந்தது, செடி வந்தது, காலி நாற்காலி வந்தது. வழக்கமாக இந்தப் பக்கம்பா என்று ஒரு குரல் வரும். இன்றைக்கு வரவில்லை. மனைவியும் சொல்லவில்லை, பேசக் கூடாது என்று சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் மன்னிக்க வரல,” என்றது குரல், ஜன்னல் பக்கத்திலிருந்து. “அந்த ஆளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? அதைக் கேக்க வந்தேன்.”



ஆஸ்பத்திரியில் பெயர் சொல்ல மாட்டார்கள் என்றார் அவர். உயரம் சொன்னார்கள், படிப்பு சொன்னார்கள், நிறம் சொன்னார்கள். அந்த ஆளுடைய சுபாவம் எப்படி என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். அதெல்லாம் எங்களிடம் இல்லை என்றுவிட்டார்கள்.

“நீங்க எதுவும் கேக்கலையா?”

“கேட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

அவர் கேள்விக்காரம்மா இருந்த திசைக்குத் திரும்பினார். அங்கேயிருந்து உதவி வரவில்லை. “அவரோட குடும்பத்துல எல்லாருக்கும் கண்ணு எப்படின்னு கேட்டேன். அந்த ஆஸ்பத்திரி அம்மா உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாங்க, அவரோட அப்பா அம்மா ரெண்டு பேருமே கண்ணாடிகூடப் போடலையாம். எனக்கு அது போதும்னு சொன்னேன். ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வந்து உங்கம்மாவுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.”

மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்து பாதியில் அடங்கியது.

“அப்ப, தெரிஞ்சே,” என்றாள் வாலு. மெதுவாகத்தான் சொன்னாள். “கேட்டு, விசாரிச்சு, நல்ல கண்ணாப் பாத்து எனக்கு வாங்கிக் கொடுத்துட்டு, அது போயிடும் போயிடும்னு என்னை நம்ப விட்டீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

நீ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது, அதுவும் உண்மைதான் என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. “ஆரம்பத்துல பயத்துல சொல்லல. அப்புறம்... நீயும் என்கூட வர்றேன்னு நினைச்சுட்டு இருந்தியே, அது எனக்குத் துணையா இருந்துச்சு. விட மனசு வரல.”

வெளியே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே இருந்தார்கள், அதன் எச்சரிக்கை மணி நிற்கவே இல்லை. பெட்டியிலிருந்து காகிதம் உருவும் சத்தம் கேட்டது. யார் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

“இதை நாற்காலிகிட்ட சொல்லலையே சார்,” என்றாள் கேள்விக்காரம்மா.

“அப்ப எனக்கே தெரியாதும்மா.”

நேரம் முடிந்தது. அடுத்த தடவை தன்னைத் தனியாகப் பார்க்க முடியுமா என்று வாலு கேட்டாள். முடியும் என்றாள் கேள்விக்காரம்மா. இவர்களோடு சேர்ந்து வருவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றாள் வாலு. பை தோளில் ஏறியது, காலடி கதவுவரைக்கும் போனது, அங்கே நின்றது.

“அம்மா, ரெண்டாவது மாடிப் படிக்கட்டுல லைட் எரியல. அவரைப் பிடிச்சுக்கோங்க.”

கதவு மூடிக்கொண்டது. மனைவி வந்து அவர் முழங்கைக்கு மேலே பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது பழகவே இல்லை, வாலுதான் எப்போதும் கூட்டிப் போவாள். சந்தைப் பையைத் தூக்குவது மாதிரி இறுக்கிப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தாள். கை வலித்தது, அவர் சொல்லவில்லை.

படியில் இறங்கும்போது மனைவி கேட்டாள்: “அப்பாவைன்னு சொல்லாம அவரைன்னு சொன்னாளே. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன்.”

“என்னங்க செய்யப் போறோம்?”

அடுத்த படி எங்கே இருக்கிறது என்று அவர் காலால் தேடிக்கொண்டிருந்தார். “லைட் எரியலைன்னும் சொன்னாளே,” என்றார். மனைவி பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு படி முன்னால் இறங்கினாள்.